கார்டில் இருந்த பெயர்

ஜனவரி 9

அன்பு மகளுக்கு,

அப்பா சொல்ல, மாடி வீட்டு டைப்பிஸ்ட் அம்மா எழுதுவது. இங்கே நானும் டைப்பிஸ்ட் அம்மாவும் நலம். நீ நலமா?

நீ பிறந்த வருஷம் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். கண்ணாடித் தொழிற்சாலையில் மூன்றாம் உலை விரிசல் விட்டு, உருகிய கண்ணாடி தரையில் ஓடி உறைந்தது அந்த வருஷம்தான். இரண்டு மாதம் கழித்து வெள்ளத்தில் பழைய பாலத்தின் நடுத்தூண் உட்கார்ந்தது. சினிமாக் கொட்டகையின் கூரை காற்றில் பறந்து மேனேஜர் பங்களாத் தோட்டத்தில் விழுந்ததும் அப்போதுதான். தொழிற்சங்கம் செய்த வேலை என்று மேனேஜர் மூன்று நாள் கத்தினார். பாலம் உட்கார்ந்த ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை, காலை ஷிப்டுக்குச் சங்கு ஊதி முடிந்த கையோடு நீ பிறந்தாய். இரண்டே முக்கால் கிலோ. வலது காது மடங்கியிருந்தது. நர்ஸம்மா தேய்த்துத் தேய்த்து நேராக்கினார்.

எழுத்து தெரியாதவனுக்கு இதையெல்லாம் குறித்து வைக்க இடம் கிடையாது. அதனால் மறக்கவும் வழியில்லை.

உன் கடிதத்தை டைப்பிஸ்ட் அம்மா இரண்டு தடவை வாசித்துக் காட்டினார். உன் பல் செட் லேப்பில் பல் சுடுகிற அடுப்பைப் பழுதுபார்க்க வந்த வெளிநாட்டு மெக்கானிக் உன்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருக்கிறார். நீயும் சரி என்றுவிட்டாய். இரண்டு வருஷமாக அந்த அடுப்பு ஏன் மாதம் ஒருமுறை கெட்டுப்போகிறது என்று இப்போது விளங்குகிறது.

அவர் நாட்டுக்குப் போக மூன்று வழி என்று எழுதியிருக்கிறாய். நிச்சயமானவள் என்று போய், தொண்ணூறு நாளுக்குள் அங்கே கல்யாணத்தை முடிப்பது ஒன்று. இங்கேயே கல்யாணத்தைப் பதிவு செய்து, மனைவி என்று மனுப் போட்டு, ஒன்றரை வருஷம்கூடக் காத்திருந்து போவது இன்னொன்று. ஊர் சுற்றிப் பார்க்க வந்தேன் என்று போய் அங்கே சத்தமில்லாமல் கல்யாணம் செய்துகொள்வது ஏஜெண்டு சொல்லும் வழி.

ஏஜெண்டு வழியை மறந்துவிடு. கவுண்டரில் நீ சொன்ன பொய்யை உள்ளே உட்கார்ந்திருப்பவன் மத்தியானச் சாப்பாட்டோடு மறந்துவிடுவான். காகிதம் மறக்காது. (இதைச் சொல்லிவிட்டு உங்கள் அப்பா எழுந்து போய்க் காகிதப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்தார். – டைப்பிஸ்ட்)

எனக்குப் பிடித்தது மனைவி வழி. உன் கல்யாணத்தை நான் பார்க்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ் கேட்டிருக்கிறாய். தேடுகிறேன்.

பல் பொடி மூக்கில் ஏறாமல் துணி கட்டிக்கொண்டு வேலை செய். அடுப்புக்காரரை விசாரித்ததாகச் சொல்.

அப்பா


ஜனவரி 20

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். இருமல் விட்டுவிட்டது. நான் கட்டிக் கொடுத்த பல் செட் எப்படி இருக்கிறது? மேல்வரிசை ஆடினால் நீங்களாகப் பசை வாங்கி ஒட்டாதீர்கள்.

நீங்கள் போனில் பேசாவிட்டாலும் உங்கள் கடிதம் பேசுகிறது. அடுப்புக்காரர் என்று நீங்கள் பெயர் வைத்ததை அவரிடம் சொன்னேன். "சரி" என்றார். அவருக்கு நம் பேச்சில் தெரிந்தது "சரி", "பரவாயில்லை" இரண்டும்தான். "இந்த ரெண்டு வார்த்தையோட ஒருத்தர் கெடைச்சா நானே கட்டிக்குவேண்டி" என்கிறாள் லேப்பில் மெழுகு வார்க்கிற அக்கா.

ஆனால் அப்பா, நான் யோசித்தது நிச்சய வழி. அவருடைய இங்கத்திய வேலை அக்டோபரில் முடிகிறது. எனக்கு முப்பத்துமூன்று வயது. ஒன்றரை வருஷம் நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் இருக்க வேண்டுமா? நிச்சய வழியில் ஒரு கஷ்டம் உண்டு. அங்கே தங்கும் அனுமதி வரும்வரை வேலை பார்க்க முடியாது, நாட்டை விட்டு வெளியே வரவும் முடியாது. உங்களுக்கு ஏதாவது என்றால்கூட. அந்த ஒன்றைத்தான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன்.

எந்த வழியானாலும் பிறப்புச் சான்றிதழ் முதல் காகிதம். பாஸ்போர்ட்டுக்குப் பள்ளிச் சான்றிதழ் போதுமாயிருந்தது. இவர்களுக்குப் போதாது. பிப்ரவரிக்குள் அனுப்புங்கள்.

டைப்பிஸ்ட் அம்மாவுக்கு என் வணக்கம்.

உங்கள் மகள்


பிப்ரவரி 2

அன்பு மகளுக்கு,

நலம். உன் நலம் அறிந்து சந்தோஷம்.

இங்கே மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது. என் அறைச் சுவரில் ஈரம் ஒரு ஆள் உயரத்துக்கு ஏறியிருக்கிறது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இது ஈரமில்ல பெரியவரே, நிழல்" என்றார். கையை வைத்துப் பார்க்கச் சொன்னேன். வைத்தார். வேட்டியில் துடைத்துக்கொண்டு, "குளிர்ச்சியான நிழல்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எதிர்ச் சந்தில் தோண்டிய பள்ளத்தை மூடிவிட்டார்கள். அதே இடத்தில் மறுபடி தோண்டுகிறார்கள்.

சான்றிதழ் தேடிக்கொண்டிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா

(காகிதப் பெட்டியை அவர் இன்னும் திறக்கவில்லை. – டைப்பிஸ்ட்)


மார்ச் 3

அப்பாவுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நான் காத்திருக்கவில்லை. ஒரு நாள் லீவு போட்டுப் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது. உங்கள் பெயரையும் அம்மா பெயரையும் சொன்னேன். அப்படிப் பிறப்பே இல்லை என்றார்கள். தேதியை மட்டும் வைத்துத் தேடச் சொன்னேன்.

அந்த வியாழக்கிழமை தொழிற்சாலை ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு பிறப்பு. பெண். காலை ஷிப்டு நேரம். இரண்டே முக்கால் கிலோ. அப்பா பெயர் எழுதும் கட்டத்தில் பெரியப்பா பெயர். அம்மா பெயர் எழுதும் கட்டத்தில் நான் கேள்விப்பட்டே இராத ஒரு பெயர்.

கவுண்டரில் இருந்தவர், "இது நீங்கதானேம்மா?" என்றார்.

"இல்ல" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தேன். மூன்று பஸ்ஸை விட்டேன்.

பெரியப்பா இறந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அம்மா போய் ஒன்பது வருஷம். கேட்க நீங்கள்தான் இருக்கிறீர்கள். நான் யார் மகள்? ஒரு வரி போதும்.


மார்ச் 7

அன்பு மகளுக்கு,

நீ என் மகள். உன் அம்மா பெற்ற பிள்ளை. மீதியைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் நாள் கொடு.

அப்பா


ஏப்ரல் 11

அன்பு மகளுக்கு,

நான் நலம் என்று எழுதச் சொன்னேன். டைப்பிஸ்ட் அம்மா எழுத மறுக்கிறார். மூன்று நாளாகக் காய்ச்சல், இப்போது இல்லை. நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

அப்போது நான் தினக்கூலி. பாட்டிலை வைக்கோலில் சுற்றிப் பெட்டியில் அடுக்குகிற வேலை. உன் பெரியப்பா உலையில் நிரந்தரத் தொழிலாளி. அவர் குவார்ட்டர்ஸில்தான் நாங்கள் எல்லோரும் இருந்தோம். உன் அம்மாவுக்கு வலி எடுத்தபோது நீ வயிற்றில் குறுக்காகக் கிடந்தாய். பெரிய ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அந்தப் பக்கம். பாலம்தான் ஒன்பது நாள் முன்பே போய்விட்டதே. இந்தப் பக்கம் இருந்தது தொழிற்சாலை ஆஸ்பத்திரி ஒன்றுதான். நிரந்தரத் தொழிலாளியின் மனைவி என்று கார்டு இருந்தால்தான் உள்ளே விடுவார்கள்.

அண்ணன் பெண்சாதி தன் கார்டை எடுத்து உன் அம்மா கையில் வைத்துவிட்டாள். அதில் படம் கிடையாது. பெயர், பேட்ஜ் நம்பர், கைரேகை, அவ்வளவுதான்.

கவுண்டரில் குமாஸ்தா, "பேரு?" என்றார். உன் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு அண்ணன் பெண்சாதியின் பெயரைச் சொன்னாள். "கூட வந்தது யாரு?" அண்ணன் பெண்சாதி உன் அம்மாவின் பெயரைச் சொன்னாள். "ரெண்டு பேருக்கும் என்ன உறவு?" "ஓரகத்தி" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அன்றைக்கு அந்தக் கவுண்டரில் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

மூன்று நாள் இருவரும் பெயரை மாற்றிக்கொண்டு இருந்தார்கள். நர்ஸம்மா மருந்து கொடுக்கப் பெயரைக் கூப்பிட்டால், நாற்காலியில் இருக்கிற அண்ணன் பெண்சாதி "ஏன்?" என்று எழுந்து நிற்பாள். கட்டிலில் படுத்தபடியே உன் அம்மா ஒரு உதை விடுவாள். நர்ஸம்மா, "மருந்து பெத்தவளுக்கா, பேருக்காரிக்கா? சீக்கிரம் முடிவு பண்ணுங்கம்மா, எனக்கு இன்னும் எட்டுக் கட்டில் இருக்கு" என்றார். அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் வெளியே மூச்சு விடவில்லை.

அது ஆஸ்பத்திரி நோட்டு, ஆஸ்பத்திரியோடு போய்விடும் என்று நினைத்தேன். எழுத்து தெரிந்தவர்களின் நோட்டுகள் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்ளும் என்று எனக்குத் தெரியாது.

டைப்பிஸ்ட் அம்மா முப்பது வருஷம் கோர்ட்டில் டைப் அடித்தவர். பழைய ஆட்களிடம் விசாரித்துவிட்டு வந்தார். பிறப்புப் பதிவை மாற்றுவது பெரிய பாடாம். ஆனால் பாஸ்போர்ட்டிலும் பள்ளிச் சான்றிதழிலும் இருக்கிற என் பெயரை எடுத்துவிட்டு அண்ணன் பெயரைப் போடுவது அவ்வளவு கஷ்டமில்லையாம். அப்படியே செய். எடுத்துவிடு. நிச்சய வழியில் மனுப் போடு, அக்டோபருக்குள் போய்விடலாம். பெயரில் என்ன இருக்கிறது, நான் வாசிக்கவா போகிறேன்?

அப்பா

(இதற்கு நான் உடன்படவில்லை. சொன்னதை எழுதுவது என் வேலை, எழுதிவிட்டேன். – டைப்பிஸ்ட்)


ஏப்ரல் 19

அன்புள்ள அப்பாவுக்கு,

காய்ச்சல் முழுதும் விட்டதா? டைப்பிஸ்ட் அம்மா, நீங்களே தனியாக ஒரு வரி எழுதுங்கள், அவரை நம்ப முடியாது.

ஒன்றரை மாதம் தூங்காமல் இருந்தேன். இப்போது கோபம் இல்லை என்று எழுத மாட்டேன், இருக்கிறது. ஆனால் நீங்கள் சொன்ன யோசனையைப் படித்தபோது வந்த கோபம் அதைவிடப் பெரியது.

நிச்சய வழிக்கான படிவம் என் மேஜையில் இருக்கிறது. பன்னிரண்டாவது கேள்வி: தந்தையின் பெயர். பதின்மூன்றாவது: அவர் உயிருடன் இருக்கிறாரா? பெரியப்பா பெயரை எழுதினால் அதற்குக் கீழே "இல்லை" என்று எழுத வேண்டும். நீங்கள் ஈரச் சுவரோடு சண்டை போட்டுக்கொண்டு அங்கே உட்கார்ந்திருக்கும்போது, அப்பா இல்லை என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு அவர்கள் அதிகாரி முன்னால் நின்று, சொன்னதெல்லாம் உண்மை என்று சத்தியம் செய்ய வேண்டும்.

முடியாது. பல் பொருந்தாவிட்டால் நாங்கள் அரத்தால் பல்லைத்தான் ராவுவோம். வாயை ராவ மாட்டோம்.

ஆகவே மனைவி வழி. முதலில் பிறப்புப் பதிவைத் திருத்துவோம். அடுத்து உங்கள் முன்னால், உங்கள் பெயரோடு இங்கே கல்யாணத்தைப் பதிவு செய்வோம். அதன் பிறகு மனு. அக்டோபரில் அவர் போகட்டும். எத்தனை மாதமானாலும் நான் காத்திருந்து போகிறேன். இதைச் சொன்னபோது அவர் வெகுநேரம் ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் "பரவாயில்லை" என்றார். அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரிந்துதான் சொன்னார்.

பதிவு அலுவலகத்தில் கேட்டுவிட்டேன். பெற்றோர் சொன்னால் மட்டும் போதாது. பிரசவத்தின்போது அங்கே இருந்த இன்னொருவர் நேரில் வந்து, கட்டிலில் படுத்திருந்தது கார்டில் இருந்த பெண் இல்லை என்று அதிகாரியிடம் சொல்ல வேண்டும். யார் யார் இருந்தார்கள்? உங்களுக்கு மறந்திருக்காது.

மகள்


மே 6

அன்பு மகளுக்கு,

காய்ச்சல் விட்டுவிட்டது. (உண்மை. – டைப்பிஸ்ட்) நீ நலம்தானே?

என்னைச் சேர்க்காமல் ஏழு பேர் இருந்தார்கள்.

உன் அம்மாவைச் சுமந்து போன கைவண்டிக்காரர். வழியெல்லாம் "பள்ளம் வருது தாயி, பல்லைக் கடிச்சுக்கோ" என்று ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் சொல்லிக்கொண்டே போனார். நீ இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது லாரி மோதிப் போய்விட்டார். கவுண்டரில் பெயர் எழுதிய குமாஸ்தா ஓய்வு பெற்ற மறு வருஷம் மாரடைப்பில் போனார். நர்ஸம்மா கடைசிக் காலத்தில் யாரையும் அடையாளம் தெரியாமல் இருந்தார். நான் போய்ப் பார்த்தபோது என்னைத் தெரியவில்லை. ஆனால் "காது நேராச்சா?" என்று கேட்டார். போய் ஆறு வருஷம் ஆகிறது. வார்டு ஆயா போன வருஷம்தான் போனாள். நாம் ஆறு மாதம் முந்தியிருந்தால் அவள் வந்திருப்பாள், அதோடு அதிகாரியையும் நாலு வார்த்தை திட்டிவிட்டு வந்திருப்பாள். உன் பெரியப்பா. உன் அம்மா.

இவ்வளவுதான். நீ நிச்சய வழியையே யோசி. என் பெயர் போனால் போகட்டும்.

சுவர் ஈரம் இப்போது என் தோள் வரை இறங்கிவிட்டது.

அப்பா


மே 14

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் நலம் வேண்டுகிறேன்.

ஏழு பேர் என்று சொல்லிவிட்டு ஆறு பேரை எழுதியிருக்கிறீர்கள். எண்ணிக்கையில் தப்புகிற ஆள் இல்லை நீங்கள். ஒரு பெட்டியில் எத்தனை பாட்டில் என்று தூக்கும்போதே சொன்னவர்.

கார்டுக்குச் சொந்தக்காரி எங்கே? நாற்காலியில் உட்கார்ந்து "ஏன்?" என்று எழுந்து நின்றவள்? இறந்துவிட்டாள் என்று நீங்கள் என்னிடம் ஒருபோதும் சொன்னதில்லை. நானாக நினைத்துக்கொண்டேன். பெரியப்பா சாவுக்கு நீங்கள் மட்டும் போய் வந்தீர்கள். ஒரு கடிதத்தில்கூட அவளைப் பெரியம்மா என்று எனக்கு நீங்கள் சொல்லவில்லை. அண்ணன் பெண்சாதி, அண்ணன் பெண்சாதி என்றே எழுதுகிறீர்கள்.

அவள் இருக்கிறாளா?

மகள்


ஜூன் 2

அன்பு மகளுக்கு,

இருவரும் நலம்.

இருக்கிறாள். இரண்டு பஸ் மாறினால் போய்விடலாம்.

அவளுக்குப் பிள்ளை கிடையாது. நீ பிறந்த மூன்றாம் மாதம் உன் அம்மா நூல் சுற்றும் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். உன்னைக் குளிப்பாட்டியதும் தூங்க வைத்ததும் அவள்தான். நான்கரை வயதில் உன்னைப் பள்ளியில் சேர்க்க வேண்டும். ஒரு நாள் வேலை விட்டு வந்தால் நீங்கள் இருவரும் வீட்டில் இல்லை. பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு, உனக்குத் தலை வாரிப் பள்ளிக்குக் கூட்டிப் போயிருந்தாள். ஓடினேன். ஹெட்மாஸ்டர் மேஜைக்கு முன்னால் உன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர், "அம்மா பேரு?" என்று கேட்டார். அவள் தன் பெயரைச் சொன்னாள். காகிதத்திலும் அதுதானே இருந்தது? அவள் ஏமாற்ற நினைத்தாளா, இருந்ததைச் சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் கேட்கவில்லை.

கேட்காமல் சொன்னேன். அத்தனை வாத்தியார்களும் பிள்ளைகளும் பார்க்க, "கார்டுல பேரு இருந்தா வயித்துல இருந்ததா ஆயிடுமா? மலட்டுப் பொம்பளைக்கு அடுத்தவ பிள்ளை கேக்குதோ?" என்றேன்.

இதை எழுத மாட்டேன் என்று டைப்பிஸ்ட் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எழுதுங்கள் என்று கெஞ்சினேன்.

தன் கார்டைக் கொடுத்து உன்னையும் உன் அம்மாவையும் காப்பாற்றியவளை அப்படிச் சொன்னேன். அவள் உன் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்து, கையை என் கையில் வைத்துவிட்டுப் போனாள். அன்று மாலையே குவார்ட்டர்ஸை விட்டு வந்துவிட்டேன். வேறு பள்ளியில், சான்றிதழ் இல்லாமல், வாய்ச் சொல்லில் உன்னைச் சேர்த்தேன். அதற்குப் பிறகு அவளிடம் பேசவில்லை. அண்ணன் சாவு வீட்டிலும் பேசவில்லை. உறவு சொல்லிக் கூப்பிடும் வார்த்தை என் வாயில் வரவில்லை.

என் பெயரை எடுத்துவிடு என்று நான் சொன்னது பெருந்தன்மை இல்லை. அவள் முகத்தைப் பார்க்கப் பயம்.

அப்பா


ஜூன் 10

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம்.

எனக்கு ஒரு கை ஞாபகம் இருக்கிறது. தலை வாரும்போது சிக்கு விழுந்தால் வலிக்காமல் இருக்க முடியின் அடியைப் பிடித்துக்கொள்ளும் கை. அம்மாவின் கை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அம்மா அப்படி வாரியதில்லை, இழுத்து வாருவாள்.

சாட்சிக்காகப் போகாதீர்கள், மன்னிப்புக்காகப் போங்கள் என்று நான் எழுதினால் அது நாடகம். எனக்குச் சாட்சி வேண்டும். அது இல்லாமல் மனைவி வழி இல்லை. மன்னிப்பும் வேண்டும். இரண்டையும் கேளுங்கள். முதலில் மன்னிப்பு. அவள் மாட்டேன் என்றால் அது அவள் உரிமை. அப்போதும் உங்கள் பெயரை நான் எடுக்கப் போவதில்லை. வேறு வழி தேடுவேன், அவ்வளவுதான்.

இந்த மாதத்துக்குள் நீங்கள் போகாவிட்டால் நான் வந்து போவேன். நான் போவது முறையில்லை. சொன்னது நீங்கள்.

பஸ் ஏறும்போது கைப்பிடியைப் பிடித்து ஏறுங்கள்.

மகள்


ஜூலை 8

அன்பு மகளுக்கு,

நான் நலம். முட்டி மட்டும் வலிக்கிறது, படி ஏறியதால். அடுப்புக்காரர் நலமா?

அவள் இருப்பது ஒரு லாண்டரிக்கு மேல் மாடியில். இருபத்திரண்டு படி. ஒரே அறை. சுவரை ஒட்டி ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் மடித்து ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. அவற்றை மடித்துக் கட்டுவதுதான் அவள் வேலை. கதவு திறந்திருந்தது. வாசலில் நின்றேன்.

"யாரு?" என்றாள், தலை நிமிராமல்.

"நான்தான்."

"நான்தான்னா? ஒரு ஆளுக்கு ஒறவு கிடையாதா?"

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். விரிப்பை மடித்து முடித்து, அடுக்கில் வைத்து, இன்னொன்றை எடுத்தாள். "அந்த முனையைப் பிடி தம்பி. சும்மா நின்னா வேல ஆவாது" என்றாள்.

பிடித்தேன். நாற்பது விரிப்பு மடித்தோம். நாற்பத்தொன்றாவதில், அன்றைக்குப் பள்ளியில் சொன்னது தப்பு என்றேன். சொல்லியிருக்கக் கூடாத வார்த்தை, சொன்ன நாளிலிருந்து தெரியும், வந்து சொல்லத் தைரியம் இல்லை என்றேன். துணியை ஒரு உதறு உதறினாள். முனை என் கையிலிருந்து நழுவிவிட்டது.

"இருவத்தெட்டு வருஷம் ஆச்சு இந்த ரெண்டு பஸ் ஏற. நடந்து வந்திருந்தாக்கூட முன்னாடியே வந்திருப்ப."

"ஆமா."

"ஆமாங்கறதப் பாரு. எதுக்கு வந்த? அதையும் சொல்லிடு."

சொன்னேன். நீ யாரைக் கட்டுகிறாய், எந்த வழியில் போகிறாய், ஏன் நிச்சய வழி வேண்டாம் என்றாய், எல்லாம் சொன்னேன். சாட்சி கேட்டேன். அவள் எழுந்து போய், தலையணை உறைக்குள்ளிருந்து ஒரு காகிதத்தை எடுத்து வந்தாள். உன் பிறப்புச் சான்றிதழ். மடிப்பில் கிழிந்து, பின்னால் ஒட்டுப் போட்டிருந்தது.

"ஒலகத்துல எனக்குன்னு ஒரு பிள்ள இருந்ததுக்கு இது ஒண்ணுதான் காயிதம். நான் வந்து பொய்யின்னு சொல்லணும். என் வாயால."

கீழே விழுந்த விரிப்பின் முனையை எடுத்தேன். அவள் காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள்.

"சொல்லலன்னா?"

"சொல்லலன்னா அவ வேற வழி தேடுவா. உங்க உரிமைன்னு சொல்லிட்டா."

"யாரு சொன்னா?"

"உங்க... உங்க கையில வளந்தவதான்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கீழே இஸ்திரிப் பெட்டி சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. திரும்பியபோது கேட்டது இதுதான்: "கல்யாணம் பண்ணி எவ்ளோ நாள் காத்திருக்கணும்?"

"ஒன்றரை வருஷம் ஆகலாம்."

"என்கிட்ட வந்து ஒன்றரை வருஷம்னு பெருசா சொல்ற. கல்யாணத்தன்னிக்கு அவளுக்குத் தலை நான்தான் வாருவேன். இந்தக் காயிதத்தை மட்டும் திருப்பிக் கேக்காத. புதுசு அவளுக்கு, பழசு எனக்கு."

சரி என்றேன்.

நேற்று பதிவு அலுவலகத்துக்குப் போனோம். டைப்பிஸ்ட் அம்மா மனுவை அடித்துக் கொடுத்திருந்தார், ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை என்று அங்கத்திய குமாஸ்தாவே சொன்னார். கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டியதும் நான் கட்டைவிரலை நீட்டினேன். அவள் பக்கத்தில் நின்று, "நான் கையெழுத்தே போடுவேன். முதியோர் வகுப்புல கத்துக்கிட்டேன். நீதான் இன்னும் மையைப் பூசிக்கிட்டுத் திரியற" என்றாள். சொன்னபடியே போட்டாள், கோணலாக, நான்கு எழுத்தும் நான்கு திசையில்.

அதிகாரி சின்ன வயதுக்காரர். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அவளிடம் கேட்டார்: "கட்டில்ல படுத்திருந்தது நீங்களா?"

"இல்ல. நான் பக்கத்துல நாற்காலியில."

"பிள்ள யாரோடது?"

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"என் ஓரகத்தி பெத்தது. இவரு பிள்ள. என்னுது இல்ல." கடைசி வார்த்தையைச் சத்தமாகச் சொன்னாள், நான் செவிடன் என்று நினைத்தோ என்னவோ.

அதிகாரி எழுதினார். பதினைந்து நாளில் உத்தரவு வருமாம். நீயும் அடுப்புக்காரரும் அடுத்த மாதமே நாள் குறிக்கலாம்.

எழுதி முடித்துவிட்டு அவர் என் பக்கம் திரும்பினார். வேறு சாட்சி உண்டா, அன்றைக்கு அங்கே யார் யார் இருந்தார்கள் என்று கேட்டார். கைவண்டிக்காரர், குமாஸ்தா, நர்ஸம்மா, ஆயா, அண்ணன், உன் அம்மா என்று ஒவ்வொருவரையும், இறந்த வருஷத்தோடு சேர்த்துச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றாகக் கோடு போட்டுக்கொண்டே வந்தார்.

"அப்ப உயிரோட இருக்கறது யாரு?"

அவள் என்னைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒருத்தங்கதான் சார்" என்றேன். "எங்க அண்ணி."